குடல் நோய்க்கு மருந்து தேடிப் போன சுப்பாராவ்

இந்தக் காலாண்டுக்கு ஒரு மருத்துவ விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதுகிறேன். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நம் குடியிருப்பில் உள்ள டாக்டர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணம். சிறுவனாக இருக்கும்போது, காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, சென்னை இந்து ஹைஸ்கூலில் சேர்ந்து மூன்றாவது முறை தேறினார். பேரப்பிள்ளைகளின் மார்க் ஷீட்டைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

பிறகு பிரசிடென்சி கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. மாமனார்தான் பணம் கட்டிப் படிக்க வைத்தார். காந்தியின் பேச்சைக் கேட்டு ஆபரேஷன் அறைக்கும் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. ஒரு படி கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. அரசு வேலைக்கு வழியில்லாமல் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார்.

அதற்கு முன்பே வீட்டில் பெரிய இடி விழுந்திருந்தது. அண்ணனும் தம்பியும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. நிற்காத பேதி, நாக்கு வெந்து சிவந்துபோகும், ரத்தம் வற்றும், ஆள் எலும்பும் தோலுமாவார். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. வத்திராயிருப்புப் பக்கம் எங்கள் கான்சாபுரத்தில் பெரியவர்கள் கிராணி என்று சொல்லும் நோய்களில் இதுவும் அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு இங்கிலீஷ் வைத்தியத்தில் இதற்கு மருந்தே இல்லை.

1920களின் தொடக்கத்தில் மனைவி சேஷகிரியை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கொஞ்ச காலத்தில் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் திரும்பவே இல்லை. அவர் போன பிறகு பிறந்த குழந்தையும் ஒரு வயதுக்குள் இறந்துவிட்டது. இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் வருத்தம் உண்டு. என்ன சாதித்தாலும் அந்த அம்மாவின் கணக்கில் அது பற்றாகவேதான் நிற்கும்.

போஸ்டனில் பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவும் வேலை. 1925ல் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று கேள்விப்பட்டிருப்பார்கள். தசை சுருங்கி விரிவதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்று காட்டிய ஏ.டி.பி. ஆராய்ச்சியிலும் அவருக்குப் பெரும் பங்கு. ஆனாலும் ஹார்வர்டு நிரந்தர வேலை தரவில்லை. 1940ல் நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

ஸ்ப்ரூவை அவர் மறக்கவில்லை. பம்பாயில் லூசி வில்ஸ் என்ற பெண் டாக்டர், ரத்தச் சோகை பிடித்த கர்ப்பிணிகள் ஈஸ்ட் சாறு சாப்பிட்டுத் தேறுவதை 1930 வாக்கில் கண்டிருந்தார். அதற்குள் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழு 1945ல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நாக்குப் புண் ஆறியது, ரத்தம் ஊறியது, பசி எடுத்தது. இன்று நம் வீட்டுக் கர்ப்பிணிகள் விழுங்கும் மாத்திரையும் அதுதான்.

ஆனால் பலருக்கு அது மட்டும் போதவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. பாக்டீரியாக்களின் எண்ணிக்கை மட்டுமே நம் உடம்பின் செல்களின் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய சமம் என்கிறார்கள். ஆரோக்கியமான ஆளிடம் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கும். பெரும்பான்மை பெருங்குடலில்தான். அங்கே அவை சும்மா இருப்பதில்லை. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை உடைக்கும், வைட்டமின் கே செய்யும், ஃபோலிக் வகைச் சத்தையும் செய்யும். சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் மேல்பகுதியிலோ கூட்டம் மிகக் குறைவு. ஸ்ப்ரூவில் இந்த ஏற்பாடு குலைகிறது. பெருங்குடலில் இருக்க வேண்டியவை மேலே ஏறிச் சிறுகுடலில் பெருகிவிடுகின்றன. நம் பார்க்கிங் தகராறு மாதிரிதான். வண்டி மேல் தப்பில்லை, நிற்கும் இடம்தான் தப்பு.

அந்தக் கூட்டத்தைக் குறைக்கும் மருந்தும் அதே லெடர்லியில் பிறந்தது. சுப்பாராவ் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தபோது, எழுபது வயது தாண்டிய பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினை எடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. 1948ல் வெளியானது. இந்த வகை மருந்து நல்லது கெட்டது பார்க்காது, நமக்கு உதவுகிறவற்றையும் சேர்த்து அடிக்கும். பேதிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி, இரண்டு நாள் போட்டுவிட்டு மீதியை ஃபிரிட்ஜ் மேல் வைக்கும் பழக்கம் நம் பிளாக்குகளிலும் உண்டு. டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் அவர் தலைமையில் வந்ததுதான். சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலாகத் தணிக்கப் பயன்படுத்திய மருந்தும் அங்கே தயாரானது. 1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே இறந்துபோனார். கடைசிவரை இந்தியக் குடிமகன். 1995ல் நம் அரசு தபால்தலை வெளியிட்டது.

1960களில் வேலூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகவே பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை வருடக்கணக்கில் ஆராய்ந்தார்கள். நம் பக்கத்து ஆரோக்கியமான ஆட்களின் சிறுகுடலிலேயே வெள்ளைக்காரர்களைவிட நுண்ணுயிர்கள் அதிகம் என்பதும் வேலூர் ஆய்வுகளில் தெரியவந்தது. எந்த ஒரு கிருமி இந்த நோயைத் தொடங்கிவைக்கிறது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. மருத்துவர்கள் கொடுப்பது இன்றும் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்தான், இரண்டையும் சேர்த்து, மாதக்கணக்கில்.