டாக்டர் சுப்பராயன்

திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடியில் 1889-ஆம் ஆண்டு தோன்றியவர் சுப்பராயன். சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின்னர்க் கடல்கடந்து ஆக்ஸ்போர்டிலும் டப்ளினிலும் பயின்று, சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞரானார். மங்களூர்ச் சீர்திருத்தவாதி குத்முல் ரங்கராவின் மகளார் ராதாபாயைக் குலவேற்றுமை பாராது மணந்தார். அக்காலத்தில் அஃது எளிய செயலன்று.

1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக விளங்கினார். ஆயினும், மாணவர்களே, இங்கு நாம் கருதப் புகுவது அவர்தம் விளையாட்டுத் தொண்டினை.

1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக அவர் இருந்தார். இடையே உலகப்போர் மூண்டது. 1939-இல் வரவிருந்த இங்கிலாந்துக் குழு வரவில்லை. அந்நாட்டிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்நாட்டுக் கோப்பைப் போட்டிகள் நின்றன. இந்தியாவிலோ ரஞ்சிக் கோப்பைப் போட்டி ஓராண்டும் தவறவில்லை. உலகம் பற்றியெரிகையில் ஆட்டம் எதற்கு என்று வினவுவார் உளர், அவ்வினா இகழத்தக்கதன்று. ஆனால் ஆறாண்டு பந்தெறியாத கை தன் தொழிலை மறந்துவிடுமன்றோ? 1945-இல் ஆஸ்திரேலியப் படைவீரர் குழு இங்கு வந்தது. சேப்பாக்கத்தில் அக்குழுவை நம்மவர் வென்றனர்.

பிற்காலத்தில் ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராயிருந்தபோது, இந்தியை விரைந்து புகுத்துதல் தகாதெனத் தம் மாறுபட்ட கருத்தைத் தனியே எழுதி வைத்தார். அவைக்கு அஞ்சாத வழக்கறிஞர் அவர். 1962 ஏப்பிரலில் மகாராட்டிர மாநில ஆளுநராய்ப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபர் திங்களிலேயே காலமானார்.