கென் சாரோ-விவா: எண்ணெய் மண்ணின் கதைசொல்லி

2017 ஜனவரி இறுதியில் எண்ணூர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் கொட்டிய எண்ணெய் மெரினாவைத் தாண்டி பெசன்ட் நகர்க் கரை வரை வந்தது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் வாழும் நாம் எண்ணெயின் கறையை நேரில் கண்டது அந்தச் சில நாள்களில்தான். காவிரிப் படுகையிலோ எண்ணெய்க் கிணறுகள் பல ஆண்டுகளாக வயல்களின் நடுவே நிற்கின்றன. அங்கே இழப்பவர் யார் என்று கேட்கும்போது, நைஜீரிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவின் வாழ்க்கை நமக்குப் பாடமாகிறது.

அவர் 1941 அக்டோபர் 10 அன்று, நைஜர் கழிமுகத்தின் போரி என்னும் ஊரில், ஒகோனி இனத்தில் பிறந்தார். பெரும் இனங்களின் நாட்டில் ஒகோனியர் ஏறத்தாழ 5 லட்சம் பேரே. 1958இல் அவர்கள் மண்ணில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தின் மீதான உரிமையை மாநில ஆளுநர்களிடம் ஒப்படைத்தது. பயிருக்கு இழப்பீடு உண்டு, மண்ணுக்கு இல்லை என்றானது.

இபாதான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்ற சாரோ-விவா, அரசுப் பதவியிலும் வணிகத்திலும் இருந்துவிட்டு எழுத்துக்குத் திரும்பினார். 1985இல் வெளிவந்த 'சோசாபாய்' நாவலில், உள்நாட்டுப் போரில் சிக்கிய ஏழை இளைஞனின் கதையைக் கற்றோர் இகழ்ந்த கொச்சை ஆங்கிலத்திலேயே எழுதினார். வழக்குமொழியைத் தலித் இலக்கியத்தின் வலிமையாக்கிய நமக்கு அத்துணிவின் பொருள் விளங்கும். அடுத்த ஆண்டு வெளியான சிறுகதைத் தொகுப்பில், தன் ஒரே வயலை எண்ணெய்க்காகத் தோண்டிவிட்டார்கள் என்று முறையிடும் மூதாட்டியைப் படைத்தார்.

கதை மட்டும் போதாது என்று கண்ட அவர், 1990இல் ஒகோனி மக்கள் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். 1993 ஜனவரி 4 அன்று சுமார் 3 லட்சம் பேர் அமைதியாக அணிவகுத்தனர். அவ்வாண்டே ஷெல் நிறுவனம் ஒகோனி நிலத்தில் உற்பத்தியை நிறுத்தியது. 1994 மே மாதம் ஒகோனித் தலைவர்கள் நால்வர் கொல்லப்பட்டதைக் காரணம் காட்டி, இராணுவ அரசு அவரைக் கைது செய்தது. சிறப்புத் தீர்ப்பாயம் மரண தண்டனை விதித்தது. 1995 நவம்பர் 10 அன்று அவரும் தோழர்கள் எண்மரும் தூக்கிலிடப்பட்டனர். 2009இல் ஷெல், பொறுப்பை ஏற்காமலேயே 1.55 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2025 ஜூனில் நைஜீரிய அரசு அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. குற்றமே செய்யாதவர்களுக்கு மன்னிப்பு எதற்கு, குற்றமற்றவர்கள் என்று அறிவியுங்கள் என்பதே செயற்பாட்டாளர்களின் கோரிக்கை.

காவிரிப் படுகையின் ஒரு பகுதி 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளுக்கு அச்சட்டம் தடையில்லை. கிணற்றுக்கு நிலம் கொடுத்ததற்கான தொகை பட்டாதாரருக்குச் செல்கிறது. அதே வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்த தலித் கூலிப் பெண்ணுக்குப் பட்டா இல்லை. அவள் இழப்பது வேலை நாள்களை. அதற்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. சாரோ-விவாவின் மூதாட்டிக்கு ஒரு வயலாவது இருந்தது. நம் படுகையின் பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஆகவே, மண்ணைக் காக்கும் போராட்டத்தில் நாம் நிற்கும்போது, அம்மண் யாருடையது என்ற கேள்வியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.