அபாயத்தைப் பழக்கிய அறிஞர் நோபல்

நோபல் பரிசு என்னும் சொல்லைக் கேளாத மாணவர் நம்மில் இலர். திருச்சிராப்பள்ளியில் பிறந்து, இந்தப் பெங்களூரிலேயே வாழ்ந்து மறைந்த சர். சி. வி. இராமன் 1930-ல் அப்பரிசைப் பெற்றார். தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009-லும் பெற்றனர். பரிசை அறிவோம், பெற்றவரையும் அறிவோம். பரிசை ஏற்படுத்தியவரை அறிவோமா? டைனமைட்டைக் கண்டுபிடித்தவர், பின்னர் மனம் வருந்திப் பரிசு வைத்தவர் என்ற அளவோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அவர் வரலாற்றை நான் படித்தபோது, பலரும் பேசாத பாடம் ஒன்று அதில் இருக்கக் கண்டேன். அபாயமான பொருளைக் கையாளும் தொழில், விபத்து நேரும் முன்பே அதற்கான ஏற்பாட்டைச் செய்துவைக்க வேண்டும் என்பதே அப்பாடம். அந்தப் பாடத்தை அவர் ஏட்டில் கற்கவில்லை. தம்பியின் சாம்பலில் கற்றார்.

ஆல்பிரட் நோபல் 1833-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தையார் இம்மானுவேல், கற்பனை வளம் மிக்க பொறியாளர். ஆனால் கையில் காசு தங்காதவர். கடன் முற்றவே அவர் நாட்டைவிட்டு வெளியேறி, இரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிழைப்புத் தேடினார். 1842-ல் குடும்பமும் அங்கே சென்று சேர்ந்தது. நோயும் மெலிவும் வாட்டிய சிறுவன் ஆல்பிரட், பள்ளியில் பயின்ற காலம் மிகக் குறைவு. வீட்டுக்கு வந்த ஆசிரியர்களிடமே பயின்றார். சுவீடிஷ், இரஷ்யம், பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என ஐந்து மொழிகள் அவருக்குக் கைவந்தன. அவர்க்கு வாய்த்த ஆசிரியருள் ஒருவரான நிக்கோலாய் சினின் என்பவரே நைட்ரோகிளிசரின் என்னும் எண்ணெய் போன்ற திரவத்தைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னார்.

அந்தத் திரவத்தை முதலில் உண்டாக்கியவர் இத்தாலியராகிய சொப்ரேரோ; ஆண்டு 1847. அதன் ஆற்றலைக் கண்டு அவரே நடுங்கினார். ஒரு துளி வெடித்து அவர் முகத்தைப் புண்ணாக்கியது. இது தொழிலுக்கு உதவாது என்று அவர் ஒதுங்கிவிட்டார். மற்றவர் ஒதுங்கிய இடத்தில்தான் நோபல் காலூன்றினார்.

கிரிமியப் போர் முடிந்ததும் தந்தையாரின் தொழில் மீண்டும் நொடித்தது. பெற்றோர் சுவீடனுக்குத் திரும்பினர். ஆல்பிரட்டும் 1863-ல் அங்கே வந்தார். ஸ்டாக்ஹோமில் ஹெலனெபோர்க் என்னும் குடியிருப்புப் பகுதியில், வீட்டை ஒட்டிய கொட்டகை ஒன்றில் நைட்ரோகிளிசரின் காய்ச்சத் தொடங்கினர். சுற்றிலும் வீடுகள், வாயிலில் மக்கள் நடமாட்டம். கொட்டகைக்கும் குடும்பங்களுக்கும் நடுவே என்ன இருந்தது? ஒரு மரச்சுவர்! வேறொன்றும் இல்லை.

1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் காலை, அந்தக் கொட்டகை வெடித்துச் சிதறியது. ஆல்பிரட்டின் தம்பி, இருபதே வயதான எமில் உட்பட ஐவர் மாண்டனர். மாண்டவருள் சிலர் வெடிமருந்தின் இயல்பைக் கற்றவர் அல்லர். ஏவிய வேலையைச் செய்த சிறுவனும், பணிப்பெண்ணும் அவர்களுள் அடக்கம். தாம் எதன் அருகே நிற்கிறோம் என்பதை அவர்களுக்கு யார் சொல்லியிருப்பர்? சில மாதங்களுக்குள் தந்தையார் பக்கவாதத்தால் வீழ்ந்தார். பழைய நிலைக்கு அவர் திரும்பவே இல்லை.

நகரத்துக்குள் இத்தொழில் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தனர். வேறொருவராயின் தொழிலையே கைவிட்டிருப்பர். நோபல் கைவிடவில்லை, இடத்தை மாற்றினார். ஊருக்கு வெளியே மேலாரன் ஏரியில் ஒரு படகை நங்கூரமிட்டு நிறுத்தி, அதன்மேல் வேலையைத் தொடர்ந்தார். வெடித்தால் தண்ணீர் வாங்கிக்கொள்ளட்டும், ஊர் வாங்கவேண்டாம்! அபாயமான தொழிலுக்கும் குடியிருப்புக்கும் இடையே தொலைவு வேண்டும் என்பது அவர் கற்ற முதற்பாடம். 1865-ல் விண்டர்விகன் என்னும் ஒதுக்குப்புறமான இடத்தில் தொழிற்சாலை எழுந்தது.

ஆயினும் ஆலையை மட்டும் ஒதுக்கினால் போதுமா? ஆலையில் பிறந்த பொருள் ஆலையிலேயே தங்குவதில்லையே! அது வண்டியேறும், கப்பலேறும், துறைமுகத்தில் இறங்கும், கூலியாள் தோளில் ஊர்வலம் போகும். 1866-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பனாமாக் கரையில் ஆஸ்பின்வால் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று வெடித்தது, பலர் மாண்டனர். அதே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரில் சரக்கு அலுவலகம் ஒன்றுக்கு ஒழுகும் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத பணியாளர், அதைக் கருவிகொண்டு திறக்க முயன்றனர். கட்டடமே பெயர்ந்தது; மனிதர் மாண்டனர். ஜெர்மனியில் எல்பு ஆற்றங்கரையில் கிரம்மல் என்னுமிடத்தில் நோபல் நிறுவிய ஆலையும் அவ்வாண்டே வெடித்து அழிந்தது.

பெட்டியைத் தொட்ட கைக்குப் பெட்டியின் உள்ளே இருப்பது தெரியவில்லை. அந்த ஆண்டின் துயரம் முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

நோபல் அடுத்த பாடத்துக்கு வந்தார். பொருளைக் காவல் காப்பதைவிடப் பொருளின் குணத்தையே மாற்றினால் என்ன? கிரம்மலுக்கு அருகே ஆற்றில் மிதக்கும் தெப்பத்தின்மேல் ஆராய்ந்தார். கீசல்கூர் என்னும் நுண்துளை மிக்க ஒருவகை மண், நைட்ரோகிளிசரினைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டது. களிமண்போல் பிசையலாம், குச்சியாக உருட்டலாம், தட்டினாலும் எளிதில் சீறாது. அவரே முன்பு அமைத்திருந்த சிறு வெடிக்குப்பியைக் கொண்டு தூண்டினால்தான் வெடிக்கும். இதற்கு 1867-ல் உரிமம் பெற்றார். டைனமைட் பிறந்தது. மலையைக் குடையவும் சுரங்கம் தோண்டவும் உலகம் அதனைக் கையிலெடுத்தது.

மூன்றாவது பாடத்தைக் காணவேண்டுமாயின் ஸ்காத்லாந்தின் மேற்குக் கரைக்குச் செல்ல வேண்டும். ஆர்டீர் என்னும் அந்த ஊரில் மணற்குன்றுகளைத் தவிர வேறொன்றுமில்லை. அதனாலேயே அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1871-ல் கம்பெனி தோன்றி, 1873-ல் உற்பத்தி தொடங்கியது. பெரிய கட்டடம் ஒன்று எழுப்பாமல் சிறுசிறு குடில்களாகப் பிரித்தனர். ஒவ்வொரு குடிலைச் சுற்றியும் மண்மேடு; ஒன்று வெடித்தால் அடுத்ததைத் தொடாது. ஒரு குடிலில் இத்தனை பேர்தான், இவ்வளவு சரக்குதான் என்று கணக்கு. தீக்குச்சியோடு எவரும் உள்ளே நுழைய முடியாது. வாயிலில் சோதனை உண்டு.

கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த கலவையில் கிளிசரினைச் சிறுகச் சிறுக விடவேண்டும். விட விடச் சூடு பிறக்கும். குழாய்ச் சுருளில் ஓடும் குளிர்நீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். வெப்பமானியை ஒரு தொழிலாளி இமைகொட்டாமல் பார்த்திருப்பார். அவருக்கு அளித்த முக்காலிக்குக் காலோ ஒன்றே ஒன்று! கண் அயர்ந்தால் விழுந்துவிடுவார், விழுந்தால் விழித்துவிடுவார். வெப்பம் எல்லை தாண்டினால் அவர் மேலாளரைத் தேடி ஓடவேண்டியதில்லை. கிளிசரினை நிறுத்து, குளிர்விப்பை மிகுதியாக்கு, அதற்கும் அடங்காவிடில் அடித்திருகைத் திற. கலவை முழுவதும் கீழே காத்திருக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டியில் இறங்கிவிடும். பிறகு மேட்டின் மறைவுக்கு ஓடு. என்ன செய்வது என்று யோசிக்கும் வேலையை, யோசிக்க நேரமிருந்த நாளிலேயே முடித்துவைத்தனர். அவசரகாலத் திட்டம் என்று இன்று நாம் சொல்வதன் உயிர்நாடி இதுவன்றோ!

எஞ்சிய வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லலாம். நாடு நாடாக ஆலைகள், 355 உரிமங்கள், ஓயாத பயணம், திருமணமில்லாத தனிமை. 1887-ல் புகையற்ற வெடிமருந்து ஒன்றையும் கண்டார். போர்க்களங்கள் அவர் அறிவால் பயனடைந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. 1895 நவம்பர் 27-ல் பாரிசில் உயிலில் கையொப்பமிட்டார். 1896 டிசம்பர் 10-ல் இத்தாலியில் சான் ரெமோ நகரில் கண் மூடினார். 1901 முதல் பரிசுகள் வழங்கப்பட்டு வருகின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் மர்பி டவுனிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வருபவன். ஒரு பொறியாளரின் பெயரைத் தாங்கிய எங்கள் பேட்டையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் எதிரே வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகளும் உண்டு. அருகே செல்லும் பழைய மதராஸ் சாலையைப் பிடித்தால் கோலார் போய்ச் சேரலாம். அங்கே தங்கவயல் சுரங்கங்களில், 2001-ல் அவை மூடப்படும்வரை, பாறையைப் பிளந்தவை டைனமைட்டும் அதன் வழிவந்த மருந்துகளும். அவற்றைத் துளையில் இட்ட கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகள். ஆகவே நோபலின் கதை நமக்கு அயலார் கதையன்று.

என் பெரியப்பா நகருக்கு வெளியே ஒரு பண்டசாலையில் அமிலப் பீப்பாய்களை ஏற்றி இறக்கி முதுமை அடைந்தவர். வீட்டில் தமிழ் பேசுவார், கன்னடத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் அறியார். விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியவை அங்கே ஒரு பலகையில் அழகாக எழுதித் தொங்கவிடப்பட்டிருந்தன, ஆங்கிலத்தில்! ஓய்வு பெறும்வரை அந்தப் பலகையின்கீழ் அவர் உணவுண்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோப் பெட்டிக்கும் இந்தப் பலகைக்கும் என்ன வேறுபாடு?

போபாலில் 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் மெத்தில் ஐசோசயனேட் ஆவி ஊருக்குள் புகுந்தபோது, ஈரத்துணியால் முகத்தைப் பொத்திக்கொள்ளலாம் என்ற சிறு செய்திகூட ஏழை மக்களை எட்டியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை தீப்பற்றியபோது, உதவ ஓடியவரும் காண வந்தவருமாகப் பலர் அடுத்த வெடிப்பில் சிக்கி உயிரிழந்தனர். கொடியவர் அல்லர் அவர்கள், அறியாதவர். 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி, உறங்கிக் கிடந்த ஊருக்குள் நுழைந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. அபாயகரமான இரசாயனங்களுக்கென 1989-ல் விதிகள் வந்தன. ஆலைக்குள் செய்யவேண்டியதற்கு ஆலையார் திட்டம் வகுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான திட்டத்தை மாவட்ட அதிகாரம் வகுத்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை நடத்த வேண்டும். அபாயம் இன்னது, செய்யத்தக்கது இது, தகாதது இது என்று அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பதும் ஆலையாரின் கடமை. 1996-ன் விதிகள் மத்திய அளவிலிருந்து உள்ளூர் அளவுவரை நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன.

தொலைவு, சிறு அளவு, சாந்தமான பொருள், முன்னரே வகுத்த செயல் ஆகிய நான்கையும் நோபல் கண்டார். ஐந்தாவது ஒன்று உண்டு. வேலிக்கு வெளியே வாழ்பவனுக்கு அவன் மொழியில் சொல்வது. ஹெலனெபோர்க்கில் இல்லாதது அதுதான். அதைச் சட்டம் எழுத்தில் தந்துவிட்டது. நாவில் தரவேண்டியவர் யார்?

தோழர்களே! தமிழ்ச் சங்கம் கவியரங்கும் பட்டிமன்றமும் நடத்துவதோடு அமையவேண்டுமா? இந்நகரின் ஆலைகளிலும் கிடங்குகளிலும் உழைக்கும் தமிழர் எத்துணையோ பேர். நச்சாவி கசிந்தால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகி நட. வெடி வெடித்த இடத்துக்கு வேடிக்கை பார்க்க ஓடாதே. அபாயச் சங்கு ஊதினால் எங்கே கூடவேண்டும் என்பதை இன்றே கேட்டு வை. இத்தகைய பத்து வரிகளைத் தமிழிலும், நம் கன்னடத் தோழர்களின் துணையோடு கன்னடத்திலும் எழுதி, அந்தந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டிச் சரிபார்த்து, வாயில்தோறும் ஒட்ட நம்மால் முடியாதா? பொறியியல் மாணவர் பொருளைச் சரிபார்க்கட்டும்; இலக்கிய மாணவர் சொல்லை எளிமையாக்கட்டும்.

நோபல் தம் செல்வத்தை அறிவுக்கு அளித்தார். நாம் பெற்ற அறிவை, அதை இன்னும் பெறாதவர்க்கு அளிப்போம். எமிலோடு மாண்ட அந்தச் சிறுவனுக்குச் செய்யத் தவறியதை, நம் தெருவின் சிறுவனுக்கேனும் செய்வோம்.