குறைவாக எறிந்து வென்ற வில்ட் சேம்பர்லேன்

கேமரன் மலைத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூடையை நிரப்புவது வேறு, நல்ல கொழுந்தால் நிரப்புவது வேறு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். அவசரத்தில் முற்றல் இலையையும் சேர்த்துப் பறித்தால் நிறுவையில் எடை கூடும். ஆலைக்குப் போன பிறகு தூளின் தரம் காட்டிக் கொடுத்துவிடும். போ தோட்டம் தொடங்கிய 1929ஆம் ஆண்டிலும் இதே கணக்குதான். கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்ட இன்றைக்கும் அது மாறவில்லை.

இந்த வாரம் நாம் பார்க்கப் போவது இன்னொரு கூடையை. பந்து விழும் கூடை. என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில், ஒரே ஆட்டத்தில் எவரையும்விட அதிகப் புள்ளிகள் எடுத்தவர் வில்ட் சேம்பர்லேன். எந்தப் பந்தை எறிவது, எதை எறியாமல் விடுவது என்று கற்றுக்கொள்ள அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1936 ஆகஸ்ட் 21ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பிறந்தார். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். தாயார் மற்றவர் வீடுகளில் வேலை செய்தவர். வில்ட் இடைநிலைப்பள்ளியை முடிக்கும்போதே ஏழடி உயரம் வந்துவிட்டார். பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு அழைத்தன. கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு அவரை அழைத்து வந்த பயிற்றுநர் ஃபாக் ஆலன், 1891இல் பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் மாணவர். ஆனால் ஆலன் ஓய்வு பெற்றுவிட்டதால், அவரிடம் விளையாடும் வாய்ப்பு வில்டுக்குக் கிடைக்கவில்லை. 1957 பல்கலைக்கழக இறுதி ஆட்டத்தில், மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பிறகு ஒரே ஒரு புள்ளியில் கன்சாஸ் தோற்றது. பிறகு ஓராண்டு ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார்.

1959இல் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரி 37.6 புள்ளிகள். 1961-62 பருவத்தில் அது 50.4 ஆனது. அந்தச் சராசரியை இன்றுவரை யாரும் எட்டவில்லை.

அந்தப் பருவத்தில்தான், 1962 மார்ச் 2ஆம் நாள், சாக்லெட்டுக்குப் பெயர்போன ஹெர்ஷே என்ற சிற்றூரில் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக அவர் தனியாளாக 100 புள்ளிகள் எடுத்தார். தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. அரங்கில் நாலாயிரம் பேர் அளவில்தான் இருந்தார்கள். அன்று அவர் எறிந்தது 63 முறை, விழுந்தது 36. மீதிப் புள்ளிகள் ஃப்ரீ த்ரோவில் வந்தவை. சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கடைசிக் கால்பகுதியில் அது ஆட்டமாகவே இல்லை. வில்டின் கைக்குப் பந்து போகாமல் தடுக்க நிக்ஸ் அணியினர் மற்றவர்களை ஃபவுல் செய்தார்கள். பந்தைத் திரும்பப் பெற்று வில்டிடமே கொடுக்க அவரது அணியினரும் பதிலுக்கு ஃபவுல் செய்தார்கள்.

அடுத்த பருவத்தில் அணி சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம் மாறியது. வில்ட் ஆட்டத்துக்கு 44.8 புள்ளிகள் எடுத்தார். லீக்கிலேயே அவர்தான் முதலிடம். அணியோ 31 வெற்றி, 49 தோல்வி. அடுத்த சுற்றுக்குக்கூடத் தகுதி பெறவில்லை.

மறுபக்கம், பில் ரசல் ஆடிய பாஸ்டன் செல்டிக்ஸ் 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு முறை வாகை சூடியது. அந்த எட்டு ஆண்டுகளில் ஒரு முறைகூட லீக்கின் அதிகப் புள்ளி பெற்றவர் செல்டிக்ஸ் ஆட்டக்காரராக இருந்ததில்லை. பந்து எல்லார் கையிலும் போய் வந்தது. யாரைத் தடுப்பது என்று எதிரணி திணறியது. வில்டின் அணியை எதிர்ப்பவர்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. அவரைச் சுற்றி நின்றால் போதும்.

1965இல் வில்ட் பிலடெல்பியா 76அர்ஸ் அணிக்கு வந்தார். அடுத்த ஆண்டு பயிற்றுநராகப் பொறுப்பேற்ற அலெக்ஸ் ஹேனம், எறிவதைக் குறைத்துக்கொண்டு பந்தைப் பகிரும்படி அவரைக் கேட்டார். எறிந்தே பெயர் வாங்கிய ஒருவரிடம் இதைக் கேட்பது எளிதல்ல. வில்ட் ஒப்புக்கொண்டார்.

1961-62இல் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 40 முறை எறிந்தவர், 1966-67இல் 14 முறைதான் எறிந்தார். கூடைக்கு அருகே பந்தை வாங்குவார்; இரண்டு மூன்று பேர் ஓடி வந்து சூழ்வார்கள்; வெளியே யாரோ ஒருவர் தடுப்பாரின்றி நிற்பார்; பந்து அவரிடம் போகும். யாரும் வந்து சூழாவிட்டால்தான் தானே போடுவார். அதனால் அவர் எறிந்ததில் 68.3 விழுக்காடு கூடையில் விழுந்தது. முன்பு அது 50 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அவரது சராசரி 24.1 புள்ளிகளாக இறங்க, ஹால் கிரீர் 22.1, செட் வாக்கர் 19.3, பில்லி கன்னிங்ஹாம் 18.5 என்று மற்றவர்கள் எழுந்தார்கள். அணி 68 ஆட்டங்களில் வென்றது, 13இல் மட்டும் தோற்றது. செல்டிக்ஸை 4-1 என வீழ்த்தி, இறுதிச் சுற்றில் தமது பழைய அணியான வாரியர்ஸையும் தோற்கடித்து, வில்ட் முதல் முறையாக வாகை சூடினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். அடுத்த பருவத்தில் வில்ட் பந்தைக் கொடுப்பதையே ஒரு சாதனையாக்கிக்கொண்டார். 702 அசிஸ்டுகளுடன் லீக்கில் முதலிடம். அதுவரை எந்த சென்டர் ஆட்டக்காரரும் செய்யாதது. ஆனால் செல்டிக்ஸுக்கு எதிராக 3-1 என முன்னிலையில் இருந்த தொடரை அணி கோட்டை விட்டது. ஏழாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் அவர் கூடையை நோக்கி எறிந்தது இரண்டே முறை. எறிய வேண்டிய பந்தை எறியாமல் விடுவதும் தவறான தேர்வுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆட்டம் 100-96 எனப் போனது.

அவர் கடைசிவரை சரிசெய்துகொள்ளாத ஒன்றும் உண்டு: ஃப்ரீ த்ரோ. 1961-62இல் பந்தை இரு கைகளாலும் பிடித்து, இடுப்புக்குக் கீழிருந்து வீசிப் பார்த்தார். 61 விழுக்காடு விழுந்தது. அவர் வாழ்நாளில் அதுதான் உச்சம். 100 புள்ளி ஆட்டத்தில் 32இல் 28 விழுந்ததும் அப்படி வீசித்தான். ஆனாலும் பார்க்க நன்றாக இல்லை என்ற கூச்சத்தில் அதைக் கைவிட்டார். 1967-68இல் 38 விழுக்காட்டுக்குச் சரிந்தார். அதே முறையில் வீசிய ரிக் பேரி, பத்தில் ஒன்பதைப் போட்டுக்கொண்டிருந்தார்!

1968இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். 1971-72இல் அந்த அணி தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது. அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. புள்ளி எடுக்கும் வேலையை கெயில் குட்ரிச், ஜெர்ரி வெஸ்ட் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். 35 வயது வில்ட் ரீபவுண்ட் எடுத்தார், தடுத்தார், ஆட்டத்துக்கு ஒன்பது முறைதான் எறிந்தார். கையில் அடிபட்டிருந்தும் இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் 24 புள்ளிகள், 29 ரீபவுண்ட் எடுத்து, இரண்டாவது வாகையோடு சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார்.

1972-73 அவரது கடைசிப் பருவம். ஆட்டத்துக்கு ஏழு முறைதான் எறிந்தார், அதில் 72.7 விழுக்காடு விழுந்தது. மொத்தம் 31,419 புள்ளிகளோடு ஓய்வு பெற்று, பிறகு கைப்பந்தாட்டத்தில் ஈடுபாடு காட்டினார். 1999 அக்டோபர் 12ஆம் நாள், 63ஆம் வயதில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள தமது வீட்டில் இதயச் செயலிழப்பால் காலமானார்.