எமில் போடோ: உழவர் மகன் பிடித்த தாளம்

ஆர்டினோ போர்டை கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது 9600 பாட் என்று ஒரு எண் கொடுக்கிறோமே, அந்த பாட் ஒரு மனிதரின் பெயர். எமில் போடோ என்ற பிரெஞ்சுக்காரர். 1926ல் அவர் பெயரில் பாதியை வெட்டி, நொடிக்கு எத்தனை குறிகள் போகின்றன என்பதற்கு அலகாக வைத்தார்கள்.

போடோ 1845 செப்டம்பர் 11 அன்று ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. உள்ளூரில் ஆரம்பப் பள்ளிப் படிப்பு, அதோடு சரி. பிறகு அப்பாவோடு கொல்லை வேலைதான். 1869ல் தந்தி இலாகாவில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார். அடுத்த வருடமே போர் வந்தது, அதற்கும் போய்வந்தார். 1872ல் மறுபடி பாரிஸ் வேலை.

அங்கே அவர் கண்ணில் பட்டது ஒன்றுதான். ஊர் விட்டு ஊர் இழுத்த கம்பி, ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தில் இன்னொருவர் செய்தியை அனுப்பினால் என்ன? இலாகா சரி என்றது, ஆனால் சொந்த நேரத்தில் செய்துகொள் என்றது! வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்து, 1874ல் காப்புரிமை வாங்கினார். 1877 நவம்பரில் பாரிஸுக்கும் போர்தோவுக்கும் நடுவே சோதனை நடந்தது. 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம்.

கருவியில் ஐந்தே கட்டைகள். இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. எந்தெந்தக் கட்டையை அமுக்குகிறோம் என்பதுதான் எழுத்து. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பூட்டு. ஆபரேட்டர் அமுக்கியதும் ஐந்தும் அப்படியே பூட்டிக்கொள்ளும். சுழலும் பிரஷ் அவர் முறைக்கு வந்து படித்துவிட்டுப் போன பிறகே டக் என்ற சத்தத்தோடு விடும். விரல் ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் படிப்பது பிரஷ் வரும் நேரத்தில்தான். ஆபரேட்டர்கள் அந்த டக் தாளத்துக்கே நிமிடத்துக்கு 30 வார்த்தை அடித்தார்கள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். 8, 4, 2, 1 என்று மதிப்பு வரும்படி ரெசிஸ்டர் கோர்த்து நாலு சுவிட்ச் வைத்துப் பார்த்தேன். எண்ணை வோல்டேஜாக மாற்றும் சர்க்யூட் அது. 7 என்றால் 4, 2, 1 மூன்றும் ஆன். 8 ஆக்க அந்த மூன்றையும் அணைத்து, 8ஐப் போட வேண்டும். முதலில் 8ஐப் போட்டால் மல்டிமீட்டர் 15க்குத் தாவுகிறது. முதலில் மூன்றையும் அணைத்தால் பூஜ்யத்துக்கு விழுகிறது. ஒரு படி ஏறுவதற்குள் இவ்வளவு குளறுபடி! சிப்புக்குள் இது கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்தில் நடக்கும், ஆனாலும் பாட்டுக் கேட்டால் இரைச்சல், படம் பார்த்தால் புள்ளி. அதனால் இன்றைக்கும் எல்லா சுவிட்சையும் பூட்டி வைத்து, ஒரே கடிகாரத் துடிப்பில் திறக்கிறார்கள். மேல் மதிப்புகளுக்கு, ஒரு பெரிய சுவிட்சுக்குப் பதிலாக ஒரே அளவான பல சின்ன சுவிட்சுகளை வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும் உண்டு.

ஒரு படிக்கு ஒரே சுவிட்ச் மாறும்படி குறிகளையே அடுக்கும் வழியும் இருக்கிறது. போடோ 1878லேயே அப்படி அடுக்கினார். ஆனால் அதற்கு கிரே கோட் என்று பெயர். 1953ல் காப்புரிமை பெற்ற பிராங்க் கிரேயின் பெயர் அது. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

1882ல் போடோ இன்ஸ்பெக்டர் இன்ஜினீயர் ஆனார். ஆனால் வேலையில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே உடம்பு படுத்த ஆரம்பித்திருந்தது. ஒரு தடவை ஒரு மாதம்வரை லீவு. அந்த உபாதை கடைசிவரை விடவில்லை. 1903 மார்ச் 28 அன்று, பாரிஸ் பக்கத்தில் உள்ள ஸோ என்ற ஊரில் இறந்தார். வயது 57.