எல்லப்பிரகட சுப்பாராவ்

எல்லப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) சென்னையில் மருத்துவம் பயின்று, ஐக்கிய அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். தசைகளில் உள்ள பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அடினோசின் முப்பாஸ்பேட்டு ஆகிய இரு முதன்மையான வளர்சிதைமாற்றப் பொருள்களை அடையாளம் கண்டவர்களுள் இவரும் ஒருவர். போலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பு, புற்றுநோய்க்கு எதிரான மெத்தோட்ரெக்சேட், யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசின் ஆகியவை இவர் தலைமையேற்ற ஆய்வுக் குழுக்களிலிருந்து வெளிவந்தன.

உடலில் நுண்ணிய அளவில் இருக்கும் சேர்மங்களையும் கொழுமியங்களையும் இன்று அவற்றின் துல்லியமான மூலக்கூற்று நிறையைக் கொண்டு அடையாளம் காண்கின்றனர். அதற்குரிய கருவிகள் இல்லாத காலத்தில், நிறமாற்றத்தை அளந்தும் மூலக்கூறின் உறுப்புகளை எண்ணியும் இவர் அதே பணியைச் செய்தார்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் ஜகந்நாதம், வெங்கம்மா. உடன்பிறந்தோர் எழுவருள் இவர் நான்காமவர். குடும்பம் வறுமையில் இருந்தது. பள்ளிப் படிப்பு இவருக்கு எளிதாக அமையவில்லை. மூன்றாவது முயற்சியிலேயே, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிக்குலேசன் தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு பயின்றார். துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாய் இசையாததால் மருத்துவக் கல்வியைத் தேர்ந்தெடுத்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயிலும்போது காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்பிற்குக் கதராடை அணிந்து சென்றார். இது ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்குக் காரணமாயிற்று. எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாக எழுதியும் முழுமையான எம்.பி.பி.எஸ் பட்டத்திற்குப் பதிலாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ் சான்றிதழே இவருக்கு வழங்கப்பட்டது. அதனால் மருத்துவப் பணியில் சேர முடியாமல், சென்னையில் ஆச்சண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார்.

இவருடைய சகோதரர்கள் இருவர் குறுகிய இடைவெளியில் ஸ்ப்ரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல் நோயால் இறந்தனர். உணவிலிருந்து சத்துக்களை உடல் ஏற்க இயலாமல் போவது இந்நோயின் தன்மை. சுப்பாராவும் அதே நோயால் பாதிக்கப்பட்டு, லட்சுமிபதியின் மருத்துவத்தால் பிழைத்தார்.

அமெரிக்கப் பயணம்

1920களின் தொடக்கத்தில், அறக்கட்டளை ஒன்றின் ஆதரவுடனும் மாமனார் திரட்டிய பொருளுதவியுடனும் சுப்பாராவ் பாஸ்டன் நகருக்குச் சென்றார். மனைவி சேஷகிரி இந்தியாவிலேயே இருந்தார். சுப்பாராவ் அதன்பின் தாய்நாடு திரும்பவே இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்ற காலத்தில் செலவிற்காக ஒரு மருத்துவமனையில் இரவுநேரப் பணியாளராக வேலை செய்தார். பின்னர் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்க் என்பவருடன் ஆய்வில் சேர்ந்தார்.

பாஸ்பரசை அளவிடும் முறை

பிஸ்க்கும் சுப்பாராவும் 1925 ஆம் ஆண்டில் உடல் திரவங்களிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசை அளவிடும் முறையொன்றை வெளியிட்டனர். அமிலக் கரைசலில் பாஸ்பேட்டு, மாலிப்டேட்டுடன் சேர்ந்து ஒரு கூட்டுப் பொருளாகிறது. ஒடுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்தால் இக்கூட்டுப்பொருள் நீல நிறமடைகிறது. நீலத்தின் அடர்த்தியை ஒப்பிட்டுப் பாஸ்பேட்டின் அளவைக் கணக்கிடலாம். இம்முறை பிஸ்க்-சுப்பாராவ் முறை என்று அழைக்கப்படுகிறது. இதன் மாற்றியமைக்கப்பட்ட வடிவமொன்று 1959 இல் வெளியான பார்ட்லெட் முறையாகும். பாஸ்பரஸ் அடங்கிய கொழுமியங்களை அளக்க இது ஆய்வகங்களில் பயன்பட்டு வருகிறது.

பாஸ்போகிரியேட்டின்

இம்முறையைத் தசைச்சாற்றில் பயன்படுத்தியபோது எதிர்பாராத ஒன்று தென்பட்டது. நீல நிறம் உடனே முழுமையாகத் தோன்றாமல் காலந்தாழ்ந்து கூடிக்கொண்டே சென்றது. தசையிலுள்ள ஏதோவொரு சேர்மம், அளவீடு நடக்கும்போதே அமிலக் கரைசலில் சிதைந்து பாஸ்பேட்டை வெளியிடுகிறது என்பதே இதற்கான விளக்கம். ஏறத்தாழ இதே காலத்தில் இலண்டனில் பிலிப் எகில்ட்டன், கிரேஸ் எகில்ட்டன் இணையரும் இத்தகைய நிலையற்ற பாஸ்பேட்டைக் கண்டு பாஸ்பஜன் எனப் பெயரிட்டிருந்தனர்.

அச்சேர்மம் சிதையும்போது ஒரு பாஸ்பேட்டுக்கு ஒரு கிரியேட்டின் என்ற விகிதத்தில் இரண்டும் வெளிப்படுவதைப் பிஸ்க்கும் சுப்பாராவும் காட்டினர். இவ்வாறு 1927 இல் அது பாஸ்போகிரியேட்டின் என்று உறுதியாயிற்று. தசை சுருங்குவதற்குரிய ஆற்றல் லாக்டிக் அமிலம் உருவாவதிலிருந்தே கிடைக்கிறது என்று அதுவரை நிலவிய கருத்தை இக்கண்டுபிடிப்பு அசைத்தது. லாக்டிக் அமிலம் உருவாகாமலேயே தசை சுருங்க முடியும் என்பதை 1930 இல் டென்மார்க்கின் ஐனார் லுண்ட்ஸ்கார்டு காட்டினார்.

ஏ.டி.பி

1929 ஆம் ஆண்டில் பிஸ்க்கும் சுப்பாராவும் தசையிலிருந்து ஏ.டி.பி-யைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனித்து அதனைக் கண்டறிந்திருந்தார். அடினைன், ரைபோஸ் சர்க்கரை, மூன்று பாஸ்பேட்டுகள் ஆகியவை இதன் உறுப்புகள். உயிரணுக்களின் ஆற்றல் பரிமாற்றத்தில் இதன் இடம் பின்னர் தெளிவாயிற்று.

1930 இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அதே ஆய்வகத்தில் பயின்றவரும் 1988 இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த நியூக்ளியோட்டைடுகள் சிலவற்றைப் பொறாமை காரணமாகப் பிஸ்க் வெளிவர விடவில்லை என்றும், பல ஆண்டுகளுக்குப் பின்னர் மற்றவர்கள் அவற்றை மீண்டும் கண்டறிய வேண்டியிருந்தது என்றும் கருதினார்.

போலிக் அமிலமும் அதன் எதிர்ப்பொருள்களும்

1940 இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வு இயக்குநரானார். இரத்தசோகையைத் தீர்க்கும் கல்லீரல் சாற்றின் கூறுகளை அவர் ஹார்வர்டிலேயே ஆராயத் தொடங்கியிருந்தார். லெடர்லி குழு 1945 இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. தம் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு இவ்வைட்டமின் மருந்தாகப் பயன்பட்டதைச் சுப்பாராவ் காண முடிந்தது.

போலிக் அமிலத்தின் அமைப்பைச் சற்றே மாற்றி, உயிரணுவில் அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் இக்குழு உருவாக்கியது. அவற்றுள் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் சிட்னி பார்பர் கடும் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் அளித்து, அவர்களுள் 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 ஜூனில் அறிவித்தார். மருந்தால் இந்நோயைத் தணிக்க முடியும் என்பதற்கு இது முதல் தெளிவான சான்றாயிற்று. மெத்தோட்ரெக்சேட் இன்றும் சில புற்றுநோய்களுக்கும் முடக்குவாதத்திற்கும் வழங்கப்படுகிறது.

இவருடைய காலத்தில் லெடர்லியில் பெஞ்சமின் டுக்கர், டெட்ராசைக்ளின் வகையின் முதல் நுண்ணுயிர் எதிரியான ஆரியோமைசினைக் கண்டறிந்தார்.

யானைக்கால் நோய் மருந்தும் காரைக்காலும்

லெடர்லி குழு 1947 இல் வெளியிட்ட டை எத்தில் கார்பமசின், இரத்தத்தில் உள்ள யானைக்கால் நோய்ப் புழுவின் இளம் உருக்களை அழிக்கிறது. கொசுக்கள் நோயைப் பரப்ப இவ்விளம் உருக்களே காரணம் ஆதலால், ஊரிலுள்ள அனைவரும் மருந்தை உட்கொண்டால் பரவல் குறையும். ஆனால் நோயின் அறிகுறி இல்லாதவர்களை மாத்திரை உட்கொள்ளச் செய்வது கடினம். இதற்குத் தீர்வாக, காவிரிக் கழிமுகக் கடற்கரையில் உள்ள காரைக்கால் பகுதியில் 1980களில் இம்மருந்து கலந்த சமையல் உப்பு மக்களுக்கு வழங்கப்பட்டது. அங்கு நோய்ப்புழுவைச் சுமப்போரின் விகிதம் பெருமளவு குறைந்தது. சென்னையில் மருத்துவராகப் பணியாற்ற வாய்ப்பு மறுக்கப்பட்டவரின் ஆய்வுப் பயன், இவ்வாறு தமிழ்க் கடற்கரை மக்களின் அன்றாட உணவில் வந்து சேர்ந்தது.

துல்லிய நிறையும் சுப்பாராவின் சேர்மங்களும்

அணுக்களின் நிறை முழு எண்ணாக இருப்பதில்லை. கார்பன்-12 அணுவின் நிறையைச் சரியாக 12 என்று கொண்டால், ஹைட்ரஜனின் நிறை 1.007825, ஆக்சிஜனின் நிறை 15.994915, பாஸ்பரசின் நிறை 30.973762 ஆகும். எனவே ஒரு மூலக்கூறின் நிறையை நான்கு தசம இடங்கள் வரை அளந்தால், அதில் எந்தெந்த அணுக்கள் எத்தனை உள்ளன என்பதைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். பிரான்சிஸ் ஆஸ்டன் 1919 முதல் கேம்பிரிட்ஜில் அணு நிறைகளைத் துல்லியமாக அளந்து வந்தார். ஆயினும் ஏ.டி.பி போன்று எளிதில் ஆவியாகாத சேர்மங்களைச் சிதைக்காமல் அளப்பது, ஜான் பென் மின்தெளிப்பு முறையை வளர்த்தெடுத்த 1980களின் பின்னரே வழக்கமாயிற்று.

இன்றைய கருவியில் ஏ.டி.பி-யின் நிறை 506.9957, ஒரு பாஸ்பேட்டுக் குறைந்த ஏ.டி.பி-யின் நிறை 427.0294. இவற்றின் வேறுபாடு 79.9663. ஒரு மூலக்கூறில் கந்தக முவாக்சைடு சேர்ந்தாலும் நிறை ஏறத்தாழ 80 கூடும். ஆனால் அதன் துல்லிய அளவு 79.9568. முழு எண்ணாக அளந்தால் ஒன்றாகத் தெரியும் இவை, துல்லிய அளவீட்டில் பிரிகின்றன. சுப்பாராவ் நீல நிறத்தைக் கொண்டு எண்ணிய பாஸ்பேட்டை இக்கருவி நிறையைக் கொண்டு எண்ணுகிறது.

போலிக் அமிலத்தின் நிறை 441.1397, அமினோப்டெரினின் நிறை 440.1557. ஓர் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதிக்குப் பதிலாக ஓர் அமினோ தொகுதி அமைவதே இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு. நிறையில் ஒன்றுக்கும் குறைவான இவ்வேறுபாடே, உயிரணுக்கள் பெருகத் தேவையான வைட்டமினை அவற்றின் பெருக்கத்தை நிறுத்தும் மருந்தாக மாற்றுகிறது.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. டி.என்.ஏ-வின் கட்டுமானப் பொருளான டீஆக்சி குவனோசின் முப்பாஸ்பேட்டில் ஏ.டி.பி-யில் உள்ள அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் உள்ளன. ஆகவே இரண்டின் நிறையும் ஒன்றே. எத்துணைத் துல்லியமாக அளந்தாலும் நிறையை மட்டும் கொண்டு அவற்றைப் பிரித்தறிய முடியாது. மூலக்கூறை உடைத்து அதன் உறுப்புகளைக் காண வேண்டும். சுப்பாராவ் பாஸ்போகிரியேட்டினில் செய்தது இதுவே.

மறைவும் நினைவும்

சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், தம் 53 ஆம் அகவையில், நியூயார்க்கில் மாரடைப்பால் காலமானார். அவருடைய நினைவாக ஒரு பூஞ்சைப் பேரினத்திற்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிடப்பட்டுள்ளது. இந்திய அரசு 1995 இல் அவருடைய நூற்றாண்டையொட்டி அஞ்சல் தலை வெளியிட்டது.