மாவுப் பலகையில் பிறந்த மாவீரன்

குழந்தைகளே! புதிய படக்கதைப் புத்தகம் வந்ததும் நண்பர்களோடு கூடி என்ன செய்வீர்கள்? எந்தக் கதை முதலிடம், எது இரண்டாமிடம் என்று மதிப்பெண் போடுவீர்கள் அல்லவா? இன்று உலகமே அறிந்த 'சூப்பர்மேன்' கதைக்குப் பெரியவர்கள் பலர் முதலில் போட்ட மதிப்பெண் பூஜ்யம் தான்! அந்த வீரனுக்கு உருவம் கொடுத்த ஓவியர் ஜோ ஷஸ்டரின் கதையை இந்த வாரம் பார்ப்போம்.

கனடா நாட்டின் டொரன்டோ நகரில், 1914 ஜூலை 10ல் பிறந்தார் ஜோ. அவரது தந்தை தையல் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வரும் வண்ணப் படக்கதைகளை, மகனை அருகில் வைத்துக்கொண்டு படித்துக் காட்டுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே, படங்கள் மீது ஜோவுக்கு ஆசை பிறந்தது. சிறுவனாக இருந்தபோது தெருவில் நாளிதழ் விற்றும் சம்பாதித்தார்.

பிறகு, பிழைப்பு தேடி அவரது குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் வறுமை விடவில்லை. படம் வரையத் தாள் வாங்கக் காசு கிடையாது. கறிக்கடையில் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளில் வரைந்தார். யாரோ வீசிய சுவர் ஒட்டுத் தாள் சுருள்கள் ஒருநாள் கிடைத்தன. அவற்றின் வெற்றுப் பக்கம் அவருக்குப் பெரிய புதையலாக இருந்தது.

வரைபலகைக்கு எங்கே போவது? அம்மா ரொட்டிக்கு மாவு பிசையும் பலகையே வரைபலகை ஆனது. அம்மா ரொட்டி செய்யும் நாளில் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வசதி இல்லாததால், கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, கையுறை மாட்டிக்கொண்டு வரைவார். போதாக்குறைக்குப் பார்வைக் குறைபாடும் இருந்தது. தாளில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்துதான் வரைய முடியும்.

கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் ஜெர்ரி சீகல் என்ற மாணவர் நண்பரானார். ஜெர்ரி கதை எழுதுவார். ஜோ படம் வரைவார். இருவருமே கண்ணாடி அணிந்தவர்கள். கூச்ச சுபாவம் உடையவர்கள். இருவரும் சேர்ந்து சொந்தமாகவே ஒரு சிறு பத்திரிகை நடத்தினர். அதில் 1933ல் வந்த ஒரு கதையில் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதன்முதலில் இடம்பெற்றது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதையில் அவன் வில்லன்!

பின்னர் அவனை நல்லவனாக மாற்றிப் படக்கதை தயாரித்தனர். ஒரு பதிப்பாளர் அதை ஏற்கவில்லை. மனம் உடைந்த ஜோ, வரைந்த பக்கங்களைத் தீயில் போட்டுவிட்டார். மேலட்டையை மட்டும் ஜெர்ரி காப்பாற்றினார். ஆனாலும் கனவை விடவில்லை. 1934ல் ஓர் இரவு முழுவதும் தூங்காமல் புதிய கதையை யோசித்த ஜெர்ரி, விடிந்ததும் ஜோவின் வீட்டுக்கு ஓடினார். இருவரும் அன்று முழுவதும் வேலை செய்தனர். மேலங்கி பறக்க, மார்பில் அடையாளச் சின்னத்தோடு சூப்பர்மேன் உருவானான்.

நாளிதழ்களுக்குப் படக்கதை வழங்கும் நிறுவனங்களுக்கு அதை அனுப்பினர். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. இப்படியே 4 ஆண்டுகள் ஓடின. கடைசியில், 1938ல் 'ஆக்சன் காமிக்ஸ்' என்ற புதிய மாத இதழுக்கு அவசரமாகக் கதை தேவைப்பட்டது. நாளிதழுக்காக வரைந்த படங்களை வெட்டி ஒட்டி, 13 பக்கங்களாக மாற்றிக் கொடுத்தனர். பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 130 டாலர் கிடைத்தது. அத்துடன், சூப்பர்மேன் மீதான உரிமை முழுவதையும் கொடுப்பதாகக் கையெழுத்தும் போட்டனர். அப்போது இருவருக்கும் வயது 23.

அந்த இதழில் பல கதைகள் இருந்தன. அதில் சூப்பர்மேனும் ஒன்று, அவ்வளவுதான். அடுத்த சில இதழ்களின் அட்டையில் அவன் படமே இல்லை. ஆனால், விற்பனை கூடிக்கொண்டே போனது. காரணம் என்ன என்று விசாரித்தபோது, கடைகளில் குழந்தைகள் சூப்பர்மேன் வரும் புத்தகத்தைக் கேட்டு வாங்குவது தெரிந்தது. பெரியவர்கள் ஒதுக்கிய கதைக்குக் குழந்தைகள் முதலிடம் கொடுத்துவிட்டனர்! 1939ல் நாளிதழ்களிலும் சூப்பர்மேன் வரத் தொடங்கினான். அவனுக்கென்றே தனி இதழும் வந்தது.

லாபமெல்லாம் நிறுவனத்துக்கே சென்றது. நண்பர்களுக்கு வேலைக்கான ஊதியம் கிடைத்தது. உரிமையில் பங்கு கிடைக்கவில்லை. 1947ல் நீதிமன்றம் சென்றனர். மறு ஆண்டு சமரசமாக ஒரு தொகை கிடைத்தது. ஆனால் வேலை பறிபோனது. கதையின் தொடக்கத்தில் அச்சிடப்பட்டு வந்த அவர்களின் பெயர்களும் நீக்கப்பட்டன. ஜோவின் பார்வை மேலும் மங்கியது. ஓவியமே உயிராக வாழ்ந்தவரால் வரைய முடியவில்லை. சகோதரரின் ஆதரவில் வாழ்ந்தார்.

1975ல் சூப்பர்மேன் திரைப்படம் தயாராகப் போகும் செய்தி வந்தது. தங்கள் நிலையை ஜெர்ரி பத்திரிகைகளுக்கு எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற ஓவியர்கள் அவர்களுக்காகப் போராடினர். அந்த ஆண்டு இறுதியில் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம் டாலர் தர நிறுவனம் சம்மதித்தது. நீக்கப்பட்ட பெயர்களும் மீண்டும் இடம்பெற்றன. 1978ல் வெளியான திரைப்படத்திலும் அவை வந்தன. 1992 ஜூலை 30ல் ஜோ மறைந்தார்.

சேகரிப்பாளர்கள் பழைய இதழ்களின் நிலையைப் பார்த்து 10க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகின்றனர். சூப்பர்மேன் வந்த முதல் இதழின் ஒரு பிரதி 8.5 பெற்று, 2024ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த 130 டாலரும் சேர்த்து அன்று வழங்கப்பட்ட 412 டாலர் காசோலைத் தாள் மட்டுமே, 2012ல் 1 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விலை போனது!

செல்வங்களே! உங்கள் படைப்பை யாராவது ஒதுக்கினால் சோர்ந்துவிடாதீர்கள். எதில் கையெழுத்துப் போடும் முன்பும் முழுவதும் படியுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்களிடம் காட்டுங்கள். அடுத்த முறை படக்கதைக்கு மதிப்பெண் போடும்போது, எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் ஒருமுறை படியுங்கள். அந்த ஒரு வரிக்காக ஜோ ஏறக்குறைய 27 ஆண்டுகள் காத்திருந்தார்.